மகள் மசாஜ் வேலைக்குப் போகிறேன் என்கிறாள்: ஒரு தாய்க்கு என் பதில்

அக்கா, நீங்கள் அனுப்பிய குரல்பதிவை இரண்டு தடவை கேட்டேன். மகள் மேல் கோபமாகத்தான் பேசுகிறீர்கள், ஆனால் அடியில் கிடப்பது பயம். இருபது வயதுப் பிள்ளை, இங்கே சிங்கப்பூரில் ஐடிஇ என்கிற தொழில்நுட்பக் கல்விக் கழகத்தில் விருந்தோம்பல் படித்து முடித்தாள், ஒரு ஹோட்டலில் ஒரு வருடம் வரவேற்பு மேசையில் நின்றாள், இப்போது திடீரென்று வந்து "மசாஜ் தெரப்பிஸ்ட் ஆகப் போறேன்" என்கிறாள். உங்கள் வீட்டுக்காரர் பாதிச் சாப்பாட்டில் எழுந்து போய்விட்டார், "ஊர்ல என்ன சொல்லி பொண்ணு பாக்க வருவாங்க" என்று மாமியார் கேட்கிறார், நீங்கள் நடுவில் மாட்டிக்கொண்டு என்னைக் கூப்பிட்டீர்கள். சரி, சுற்றி வளைக்காமல் சொல்கிறேன். இந்த வேலையை வேண்டாம் என்று சொல்லாதீர்கள். ஆனால் எந்தக் கடையில், யாருக்குக் கீழே, என்ன ஒப்பந்தத்தில் தொடங்குகிறாள் என்பதில் மட்டும் ஒரு அங்குலம்கூட விட்டுக்கொடுக்காதீர்கள். நான் பார்த்தவரை இந்தத் துறையில் பெயர் கெடுவதும் நிலைப்பதும் முதல் இரண்டு வருடம் எந்தக் கதவுக்குள் நுழைந்தோம் என்பதை வைத்துத்தான்.

உங்கள் பயம் எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியும். "உடற்பிடிப்பு நிலையத்தில் சோதனை, இத்தனை பேர் கைது" என்று செய்தியில் படிக்கிறோம், மசாஜ், கைது என்ற இரண்டு சொல்லும் ஒட்டிக்கொண்டுவிட்டன. அதைப் பொய் என்று நான் சொல்ல மாட்டேன், அப்படிப்பட்ட இடங்கள் இருக்கின்றன. அதனால்தான் சட்டமும் இருக்கிறது. 2017ல் நாடாளுமன்றத்தில் நிறைவேறி 2018 மார்ச் 1 முதல் நடைமுறையில் இருக்கிற உடற்பிடிப்பு நிலையச் சட்டத்தின்படி, காவல்துறையின் உரிமம் இல்லாமல் மசாஜ் நிலையம் நடத்தினால் முதல் தடவைக்கே 10,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரை அபராதம், 2 வருடம் வரை சிறை, இரண்டும் சேர்த்தும் விதிக்கலாம். உரிமத்தைத் தருவது காவல்துறையின் உரிமப் பிரிவு. ஆகவே நேர்முகத்துக்குப் போகும் கடையில் உங்கள் மகள் கேட்க வேண்டிய முதல் கேள்வி சம்பளம் எவ்வளவு என்பதல்ல, உரிமம் எங்கே என்பதுதான். நல்ல கடையில் இந்தக் கேள்வியைக் கேட்டால் யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள், முன்மேசைக்குப் பின்னால் இருப்பதைக் கையை நீட்டிக் காட்டுவார்கள். "அதெல்லாம் பாஸ்கிட்ட இருக்கு" என்று இழுத்தால் அங்கேயே நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்துவிடட்டும்.

உங்கள் வீட்டுக்காரரிடம் இன்னொன்றும் சொல்லுங்கள். நம் குடும்பத்தில் இல்லாத வேலை என்கிறார் அல்லவா? நம் பாட்டிமார் யார் வீட்டில் பிரசவமானாலும் நல்லெண்ணெயைச் சூடு பண்ணி எடுத்துக்கொண்டு போய்த் தாய்க்கும் பிள்ளைக்கும் தேய்த்துவிட்டு வருவார்கள். சித்த மருத்துவத்தில் தொக்கணம் என்று இதற்குத் தனிப் பெயரே உண்டு, 32 புறமருத்துவ முறைகளில் அதுவும் ஒன்று. தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், அழுத்தல், இழுத்தல் என்று கை செய்கிற ஒவ்வொரு வேலைக்கும் பெயர் வைத்திருக்கிறார்கள். தாய்லாந்துக்காரர்கள் தங்கள் மசாஜை 2019ல் யுனெஸ்கோவின் மரபுடைமைப் பட்டியலிலேயே சேர்த்துவிட்டார்கள். இங்கேயே தோ பாயோ ரைஸில் இருக்கிற பார்வைக் குறைபாடுள்ளோர் சங்கத்தைச் சேர்ந்த பார்வையற்றவர்கள் மசாஜ் செய்து கௌரவமாகச் சம்பாதிக்கிறார்கள். அவர்களைப் பார்த்து யாரும் கேவலமாகப் பேசுவதில்லை. பேசவும் கூடாது.

அடுத்தது, வேலை என்றால் என்ன வேலை என்று உங்கள் மகளுக்கே சரியாகத் தெரியுமா என்பதில் எனக்குச் சந்தேகம் இருக்கிறது. மெழுகுவத்தி, மெல்லிய இசை, எலுமிச்சைப் புல் வாசனை, இதெல்லாம் படுத்திருக்கிற வாடிக்கையாளருக்கு. நிற்கிறவருக்கு அது உடல் உழைப்பு. ஒரு மாணவியோடு பயிற்சிப் பள்ளி ஒன்றுக்குப் போய் அரை நாள் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். பத்துப் பன்னிரண்டு கட்டில்கள். ஆசிரியை ஒவ்வொரு மாணவியாகக் கட்டில் பக்கத்தில் நேராக நிற்கவைத்து, கையைத் தொங்கவிட்டு விரலை மடக்கச் சொன்னார். மடக்கிய விரல்முட்டி படும் உயரத்துக்குக் கட்டிலை ஏற்றி இறக்கி வைத்தார். அதற்கே இருபது நிமிடம் ஆனது. கட்டில் உயரமாக இருந்தால் தோளைத் தூக்கித் தூக்கி அழுத்துவார்கள், தாழ்வாக இருந்தால் இடுப்பு ஒடியும். அப்புறம் ஒரு பெண் எண்ணெய் தொட்டுக்கொண்டு முதுகில் கட்டைவிரலால் அழுத்த ஆரம்பித்தாள். நன்றாகத்தான் செய்கிறாள் என்று எனக்குப் பட்டது. ஆசிரியை வந்து அவள் கையைப் பிடித்து நிறுத்தி, "இந்தக் கட்டைவிரல் உனக்கு எத்தனை வருஷம் வேணும்?" என்று கேட்டார். பிறகு முன்னங்கையை வைக்கச் சொல்லி, ஒரு காலை முன்னால் ஊன்றச் சொல்லி, பின்னங்காலிலிருந்து மொத்த உடம்பையும் சாய்க்கச் சொன்னார். கை அசையவே இல்லை, உடம்பு போனது, கை கூடவே போனது. கட்டிலில் படுத்திருந்த பெண் "ஆங், இதுதான்" என்றாள்.

இந்த ஒரு விஷயத்தை நான் ஏன் இவ்வளவு நீட்டுகிறேன் என்றால், நான் ஆலோசனை சொல்லி அனுப்பியவர்களில் இந்தத் துறையைவிட்டு வெளியே வந்தவர்கள் பெரும்பாலும் அவமானத்தால் வரவில்லை, கட்டைவிரல் அடிமூட்டும் மணிக்கட்டும் போய்த்தான் வந்தார்கள். ஒருத்தி மூன்றே வருடத்தில் காலையில் பல் துலக்கும் தூரிகையைப் பிடிக்க முடியாமல் நின்றாள். அவள் வேலை பார்த்த கடையில் ஒரு நாளைக்கு எட்டு பேர், ஒன்பது பேர் என்று இடைவெளியே இல்லாமல் ஏற்றிவிட்டிருக்கிறார்கள், கமிஷன் வருகிறதே என்று அவளும் வாயைத் திறக்கவில்லை. ஆகவே மகளைக் கூப்பிட்டு உட்காரவைத்து, இப்போதே மணிக்கட்டில் வலி இருக்கிறதா, முதுகுத் தொந்தரவு உண்டா, எண்ணெயோ வாசனைத் தைலமோ பட்டால் கையில் அரிப்பு வருகிறதா என்று கேளுங்கள். கைத்தோலில் எக்ஸிமா இருக்கிறவர்களுக்கு நாள் முழுக்க எண்ணெயும் சோப்புமாக இருக்கிற இந்த வேலை ஒத்துக்கொள்ளாது, அதைச் சேர்ந்த பிறகு கண்டுபிடிப்பதைவிட இப்போதே தெரிந்துகொள்வது நல்லது.

படிப்பு எளிதாக இருக்கும் என்று நினைத்துச் சேர்ந்தால் அங்கேயும் ஏமாற்றம்தான். பெரும்பாலும் சுவீடன் முறையில் தொடங்குவார்கள். நீவுவது, பிசைவது, உரசுவது, தட்டுவது, அதிர்வு கொடுப்பது என்று ஐந்து அடிப்படை. கை பழகிவிடும். எலும்பு, தசை, நரம்பு, ரத்த ஓட்டம் எல்லாம்தான் பாடமாக உட்கார்ந்து படிக்க வேண்டியது, பெயரெல்லாம் லத்தீனில் இருக்கும். என்-லெவல் பள்ளித் தேர்வில் அறிவியல் வரவில்லை என்று அவள் சொன்னதாகச் சொன்னீர்கள். பரவாயில்லை, ஆனால் இதிலிருந்து தப்பிக்க முடியாது. ஏனென்றால் நல்ல தெரப்பிஸ்ட் யாரென்பது யாரை நன்றாக அழுத்துகிறார் என்பதில் மட்டும் இல்லை, யாரைத் தொடக்கூடாது என்று அவருக்குத் தெரிகிறதா என்பதிலும் இருக்கிறது. எனக்குத் தெரிந்த ஒரு பெண்ணிடம், நீண்ட விமானப் பயணம் முடித்து வந்த ஒருவர் கால் பிடித்துவிடச் சொல்லியிருக்கிறார். துண்டை விலக்கினால் ஒரு பக்கக் கெண்டைக்கால் மட்டும் வீங்கி, சூடாக, சிவந்து இருக்கிறது. அவள் கையை வைக்கவில்லை. ரத்தம் உறைந்திருந்தால் அழுத்துகிற அழுத்தில் கட்டி நகர்ந்து நுரையீரலுக்குப் போய் உயிருக்கே ஆபத்தாகலாம் என்று படித்திருந்தாள். பணத்தைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லி, அவரை உடனே மருத்துவமனைக்கு அனுப்பினாள். நம் ஆட்களிடையே நீரிழிவு எவ்வளவு அதிகம் என்று உங்களுக்கே தெரியும். நீரிழிவில் பாதத்தின் உணர்ச்சி குறைந்தவருக்குச் சூடான கல்லை வைத்தால் சுடுகிறது என்று அவரால் சொல்லவே முடியாது, வெந்த பிறகுதான் தெரியும். ரத்தத்தை இளக்கும் மருந்து சாப்பிடுகிறவர், காய்ச்சலோடு வருகிறவர், கர்ப்பமான முதல் மூன்று மாதத்தில் இருக்கிறவர், எலும்பு தேய்ந்த வயதானவர், ஒவ்வொருவருக்கும் ஒரு கேள்வி கேட்டுவிட்டுத்தான் கையை வைக்க வேண்டும். பாதாம் எண்ணெய் பாட்டிலைத் திறப்பதற்கு முன் கொட்டை ஒவ்வாமை உண்டா என்று கேட்பதும் இதில் அடக்கம்.

சான்றிதழ் விஷயத்துக்கு வருகிறேன். இங்கே கடைக்காரர்கள் கேட்கிற பெயர்கள் நாலைந்துதான்: உள்ளூரில் டபிள்யூஎஸ்கியூ என்கிற அரசாங்கத் திறன் சான்றிதழ், வெளிநாட்டுச் சான்றிதழ்களில் சிடெஸ்கோ, ஐடெக், சிப்டாக். சிடெஸ்கோ சுவிட்சர்லாந்தைச் சேர்ந்தது, 1946லிருந்து இருக்கிறது. ஐடெக் பிரிட்டனில் 1947ல் தொடங்கியது. இரண்டு நாள் வகுப்பு, வார இறுதியில் ஏழு வகை மசாஜ், கையோடு சான்றிதழ் என்று டிக்டாக்கில் வருவதை நம்பிப் பணம் கட்டாதீர்கள். பொழுதுபோக்குக்கு வேண்டுமானால் போகட்டும், அதைக் காட்டி வேலை கேட்க முடியாது. தனியார் பள்ளியாக இருந்தால், கட்டணப் பாதுகாப்பு இருக்கிறதா, பள்ளி இழுத்து மூடினால் கட்டிய பணம் திரும்ப வருமா என்று எழுத்தில் கேளுங்கள், மொத்தத்தையும் முன்கூட்டியே கட்டாதீர்கள்.

பணம் எங்கிருந்து என்றீர்கள். திறன் படிப்புக்கு அரசாங்கம் தரும் ஸ்கில்ஸ்ஃபியூச்சர் சிறப்புத்தொகை 500 வெள்ளி அவளுக்கு 25 வயதில்தான் வரும், இப்போது அதை எண்ண வேண்டாம். ஆனால் உயர்நிலைக்குப் பிந்திய கல்விக் கணக்கு என்று ஒன்று அவள் பெயரில் இருக்கும், பள்ளி நாளில் அரசாங்கம் பணம் போட்ட எடுசேவ் கணக்கில் மிச்சமிருந்ததும் சேர்ந்து அங்கே கிடக்கும். அவளுக்கு 30 வயதாகும் வரை அங்கீகரிக்கப்பட்ட படிப்புகளுக்கு அதைப் பயன்படுத்தலாம். பல பெற்றோர் இதை மறந்தே போய்விடுகிறார்கள். கல்வி அமைச்சின் தொலைபேசி எண்ணில் கூப்பிட்டால் எவ்வளவு இருக்கிறது என்று சொல்வார்கள். அவள் தேர்ந்தெடுக்கிற வகுப்புக்கு அது செல்லுமா என்று பள்ளியிடமே கேளுங்கள். குறைந்த வருமானக் குடும்பம் என்றால் இந்தியச் சமூகத்துக்கு உதவும் சுயஉதவி அமைப்பான சிண்டாவிலும் ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள், கேட்பதில் வெட்கம் எதற்கு.

இனி, விட்டுக்கொடுக்காதீர்கள் என்று நான் சொன்ன ஒப்பந்தம். இந்தத் துறையில் சம்பளம் மூன்று துண்டாக வரும்: அடிப்படைச் சம்பளம், ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் கமிஷன், பல தடவைக்குச் சேர்த்து முன்பணம் வாங்கும் பேக்கேஜ் விற்றால் அதற்குத் தனியாக. சில இடங்களில் முதல் துண்டே இருக்காது. என்னிடம் வந்த ஒரு பிள்ளை, பெயர் சொல்ல விரும்பாத ஒரு கடையில் காலை பதினொன்றிலிருந்து இரவு பத்து வரை இருந்தாள். வாடிக்கையாளர் வந்தால்தான் காசு. மழை நாளில் நாலு மணி நேரம் துண்டு மடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததற்கு ஒரு காசு கிடையாது. கேட்டபோது "நீ ஃப்ரீலான்ஸ்" என்றார்களாம். மூன்று மாதம் அவளுக்கு மசேநிதி (மத்திய சேமநிதி) ஒரு வெள்ளி போகவில்லை. நேரத்தைக் குறித்துக் கொடுத்து, சீருடை கொடுத்து, விடுப்புக்கு அனுமதி கேட்க வைத்துவிட்டுத் தனித்தொழில் என்று சொன்னால் அதை அப்படியே ஏற்றுக்கொள்ளக் கூடாது.

ஆகவே நான் சொல்வதை அவளிடம் அப்படியே சொல்லுங்கள். வேலையில் சேர்ந்த 14 நாள்களுக்குள் முக்கிய வேலை நிபந்தனைகளை முதலாளி எழுத்தில் தர வேண்டும், சம்பளச் சீட்டும் தர வேண்டும். இது 2016 ஏப்ரல் முதல் சட்டம். கமிஷனும் சம்பளம்தான், அதற்கும் மசேநிதி கட்டத்தான் வேண்டும், அடிப்படைக்கு மட்டும் கட்டிவிட்டு நழுவ முடியாது. உண்மையாகவே தனித்தொழிலாகச் செய்கிறாள் என்றால், வருடத்துக்கு நிகர வருமானம் 6,000 வெள்ளியைத் தாண்டும்போது மெடிசேவ் என்கிற மருத்துவச் சேமிப்புத் தொகையை அவளே கட்ட வேண்டும், அதை முதல் நாளிலிருந்தே ஒதுக்கிவைக்கச் சொல்லுங்கள். சம்பளம் பாக்கி வைத்தால் முத்தரப்புச் சச்சரவுத் தீர்வுக் கூட்டணியில் புகார் கொடுக்கலாம், ஆனால் வேலையை விட்டு 6 மாதத்துக்குள் கொடுத்தாக வேண்டும். "போனால் போகிறது" என்று விட்டுவிட்டு ஒரு வருடம் கழித்து வருகிறவர்களுக்கு என்னால் ஒன்றும் செய்ய முடிவதில்லை, அது எனக்கு உண்மையிலேயே வலிக்கிறது.

சில கடைகள் இலவசமாகப் பயிற்சி தருகிறோம் என்று சொல்லி ஒன்றரை வருடம், இரண்டு வருடம் பாண்ட், அதாவது அதுவரை விலகக்கூடாது என்ற ஒப்பந்தம், போடுவார்கள். இது எப்போதும் தப்பு என்றில்லை, நல்ல ஸ்பாவில் மூத்தவருக்குப் பக்கத்தில் நின்று கற்றுக்கொள்வது பள்ளியில் கிடைக்காத பாடம். ஆனால் பாதியில் விலகினால் எவ்வளவு கட்ட வேண்டும், அந்தத் தொகை மாதாமாதம் குறையுமா, கொடுக்கிற சான்றிதழ் வெளியே செல்லுமா, கடைக்குள் மட்டும் செல்லுமா என்று பாருங்கள். அப்புறம் பேக்கேஜ் விற்கிற நெருக்கடி. வாடிக்கையாளர் முகம் குப்புறப் படுத்திருக்கும்போது காதில் "அக்கா, பத்து தடவை எடுத்தா குறைச்சுத் தரோம்" என்று சொல்லச் சொல்வார்கள், மாதாந்தர இலக்கை எட்டாவிட்டால் திட்டும் விழும். உங்கள் மகள் ஹோட்டலில் வேலை பார்த்தவள், பேசத் தெரிந்தவள், ஆனால் இது வேறு மாதிரிப் பேச்சு. பயனீட்டாளர் சங்கத்தின் கேஸ்டிரஸ்ட் அங்கீகாரம் உள்ள கடையில், பேக்கேஜ் வாங்கியவர் 5 வேலை நாள்களுக்குள் மனம் மாறிப் பணத்தைத் திரும்பக் கேட்கலாம், அதனால் அங்கே நெருக்கிப் பிடித்து விற்பதில் பெரிய லாபம் இல்லை. நேர்முகத்துக்குப் போகும் இடத்தில் அந்த முத்திரை இருக்கிறதா என்று பார்ப்பது நல்லது.

ஆண் வாடிக்கையாளர்கள் பற்றி நீங்கள் பாதியில் நிறுத்தினீர்கள், நான் முடித்துவைக்கிறேன். ஆம், தப்பாக நடந்துகொள்கிறவர்கள் வருவார்கள், ஹோட்டல் முன்மேசைக்கும் வந்திருப்பார்கள். நேர்முகத்திலேயே இந்தக் கேள்வியைக் கேட்கச் சொல்லுங்கள்: "வாடிக்கையாளர் தப்பா ஏதாவது கேட்டா நான் என்ன செய்யணும்?" நல்ல மேலாளர் யோசிக்கவே மாட்டார், கையை எடு, வெளியே வா, மீதியை நான் பார்த்துக்கொள்கிறேன் என்பார். "கொஞ்சம் அனுசரிச்சுப் போ" என்று ஒரு வார்த்தை வந்தால் அந்தக் கடை வேண்டாம். வேலையிடத்தில் நடக்கும் பாலியல் தொல்லைக்கு 2014ல் வந்த தொல்லைத் தடுப்புச் சட்டத்தில் இடம் இருக்கிறது, மானபங்கம் என்றால் நேராகப் போலிஸ்தான். பள்ளியில் துண்டு போர்த்தும் முறையை ஏதோ அலங்காரம் மாதிரி சொல்லித் தருவதில்லை, வேலை செய்யும் பகுதி தவிர மற்றதெல்லாம் மூடியிருக்க வேண்டும் என்று கண்டிப்பாகப் பழக்குவார்கள். அது இரண்டு பேருக்குமே எல்லைக்கோடு. வீட்டில் வைத்துச் செய்யலாமா, வாடிக்கையாளர் வீட்டுக்குப் போகலாமா என்பதெல்லாம் முதல் இரண்டு வருடத்துக்கு வேண்டவே வேண்டாம், பிறகு செய்வதானாலும் காவல்துறையிடமும் வீவகவிடமும் (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொண்டு தொடங்கட்டும்.

நர்ஸிங் போகலாமே, பிசியோதெரபி போகலாமே என்கிறீர்கள். போகலாம்தான், ஆனால் அவை வேறு பாதைகள். பிசியோதெரபிஸ்ட் என்பது சட்டப்படி பதிவு செய்தவர் மட்டுமே பயன்படுத்தக்கூடிய பெயர். இங்கே அதற்குச் சிங்கப்பூர்த் தொழில்நுட்பக் கழகத்தில் பட்டப்படிப்பு இருக்கிறது, அதற்கு முன்னால் டிப்ளோமாவோ ஏ-லெவலோ வேண்டும். மசாஜ் கற்றுக்கொண்டு அந்த வழியில் ஏறிவிடலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஆனால் இரண்டு வருடம் உடம்போடு வேலை செய்த பிறகு தெரபி உதவியாளராக மருத்துவமனைக்கோ தாதிமை இல்லத்துக்கோ போன பிள்ளைகள் உண்டு, அவர்களுக்கு நோயாளியைத் தொடுவதில் தயக்கமே இருப்பதில்லை.

எனக்குப் பிடித்த வழி ஒன்றைச் சொல்கிறேன், இது என் சொந்தக் கருத்து. பிரசவத்துக்குப் பிந்திய மசாஜ். மலாய்க்காரர்கள் உருட் என்று ஒரு வாரம், பத்து நாள் தொடர்ந்து செய்து வயிற்றைத் துணியால் இறுக்கிக் கட்டுவார்கள், சீனக் குடும்பங்களும் இப்போது அவர்களைத்தான் கூப்பிடுகிறார்கள். நம் ஆட்கள் நல்லெண்ணெய்க் குளியல் வேண்டும் என்று தேடுகிறார்கள், தமிழ் பேசுகிற, முறையாகப் படித்த ஒரு பெண் கிடைப்பது கஷ்டமாக இருக்கிறது. அறுவை சிகிச்சை மூலம் பிரசவமானவருக்கு மருத்துவர் சொன்ன பிறகுதான் வயிற்றில் கை வைக்க வேண்டும், தையல் எங்கே, ரத்தப்போக்கு எப்படி என்றெல்லாம் தெரிந்த கை வேண்டும். உங்கள் மகள் மூன்று நான்கு வருட அனுபவத்தோடு, அதற்கென்று தனிப் பயிற்சியும் எடுத்துக்கொண்டு அங்கே போனால், அவளைத் தேடி வருவார்கள். உங்கள் மாமியாரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள், அவர் காலத்தில் யார் வந்து தேய்த்துவிட்டார்கள் என்று அவரே பேச ஆரம்பித்துவிடுவார்.

இந்த வாரம் ஒரே ஒரு காரியம் செய்யுங்கள். நீங்களும் அவளும் சேர்ந்து உரிமம் உள்ள ஒரு நல்ல இடத்தில் ஒரு மணி நேரம் எடுத்துக்கொள்ளுங்கள். அவள் படுத்திருக்கும்போது அந்தத் தெரப்பிஸ்ட் எப்படி நிற்கிறார், எதை வைத்து அழுத்துகிறார், முதலில் என்ன கேட்டார் என்று கவனிக்கட்டும். முடிந்ததும் அவரிடமே எத்தனை வருடமாகச் செய்கிறீர்கள், கை வலிக்கிறதா என்று கேட்கட்டும், பெரும்பாலும் மனம்விட்டுச் சொல்வார்கள். வீட்டுக்கு வந்து உங்கள் முழங்காலுக்குக் கீழே அரை மணி நேரம் பிடித்துவிடச் சொல்லுங்கள், பத்து நிமிடத்தில் போனைத் தேடுகிறாளா, முடிக்கிறாளா என்று பாருங்கள். அப்புறமும் இதுதான் வேண்டும் என்றால் பள்ளிகளைப் பார்க்கலாம், என்னையும் கூட்டிக்கொண்டு போகலாம். எந்தக் கடையிலாவது ஒப்பந்தத் தாளைக் கையில் கொடுத்தால், எவ்வளவு அவசரப்படுத்தினாலும் அங்கேயே கையெழுத்துப் போட வேண்டாம். படம் எடுத்து எனக்கு அனுப்பச் சொல்லுங்கள், அன்று இரவே படித்துவிட்டுக் கூப்பிடுகிறேன்.